கிளப் (கோல்ஃப் மட்டை) எங்கே மண்ணைத் தொடுகிறது?

கோயமுத்தூர்ப் பக்கம் கோல்ஃப் பழகுகிறவர் அடி பிசகியதும் கேட்கும் முதல் வார்த்தை, "தலையைத் தூக்கிட்டீங்க" என்பதுதான். பெரும்பாலும் காரணம் அது இல்லைங்க. உடம்பு நிமிர்கிறது, தலையும் கூடப் போகிறது. தலையை மட்டும் இறுக்கி வைத்தால் எடை வலது காலிலேயே தங்கி, அடி இன்னும் மோசமாகும். (வலது கைக்காரர் கணக்கில் சொல்கிறேன், இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.)

அயர்ன் (உலோகத் தகட்டுத் தலை உள்ள கிளப்) அடியில் கிளப் இறங்கி ஏறும் வளைவின் அடிப்புள்ளி, அதாவது மிகத் தாழ்ந்த இடம், பந்தைத் தாண்டி இலக்குப் பக்கம் சில செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். முதலில் பந்து, அப்புறம் மண். அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுந்தால், மண்ணைக் கொத்தி ஃபேட் ஆகும்; மண்ணைத் தப்பினால் மேலே ஏறுகிற வழியில் பந்தின் வயிற்றில் பட்டு தின் ஆகும். சித்திரையில் இறுகிப்போன தரையில் கிளப் துள்ளி தின் அடிப்பவர், ஐப்பசி மழைக்கு அப்புறம் அதே வீச்சில் மண்ணில் புதைப்பார். ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) பாய்மேல் அடிக்கும்போது இது தெரியவே தெரியாது. பந்துக்கு 2, 3 செ.மீ. பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிப்போய்ப் பந்தை எடுத்துவிடும்.

கோலப்பொடிதான் நல்ல வாத்தியார். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வரும், கல்மாவு போதும். பயிற்சித் தரையில் இரண்டு கால்களுக்கும் நடுவே, இலக்குத் திசைக்குக் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். 7 அயர்னில் பந்து இல்லாமல் பத்து வீச்சு. கிளப் மண்ணில் பதிக்கும் தடம் கோட்டிலோ அதைத் தாண்டி இலக்குப் பக்கமோ தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால், எடை இடது காலுக்கு வரவில்லை, அல்லது மணிக்கட்டு சீக்கிரமே அவிழ்ந்துவிட்டது. அடிபடும் நேரத்தில் எடையில் முக்கால் பங்கு இடது காலில், கைகள் பந்தைவிடச் சற்று இலக்குப் பக்கம். இதைப் பழக, ஆரம்பத்திலேயே எடையை இடது காலில் வைத்து, வலது குதிகாலை லேசாகத் தூக்கிக்கொண்டு அரை வீச்சு அடியுங்கள். பத்தில் ஏழு தடம் சரியாக விழுந்த பிறகே கோட்டின்மேல் பந்து.

ஷாங்க் வேறு சாதி. கிளப்பின் தலையும் தண்டும் சேரும் கழுத்தில் பந்து பட்டு, வலது பக்கம் சிதறி ஓடும். இறங்கும்போது எடை கால்விரலுக்குப் போய், இடுப்பு பந்தை நோக்கி நகர்வதுதான் வழக்கமான காரணம். பந்துக்கு அப்பால், உங்களுக்கு எதிர்ப்பக்கம், கிளப் நுனிக்கு இரண்டு விரல் இடம் விட்டு ஒரு காலி அட்டைப் பெட்டியை வையுங்கள். பெட்டியைத் தொடாமல் அடித்தால் போதும். கிளப்பின் முகத்தில் பந்து எங்கே படுகிறது என்று பார்க்க, அதன்மேல் டால்கம் பவுடர் கொஞ்சம் தூவினால் பந்தின் அச்சு விழும்.

டிரைவருக்கு (தூர அடிக்கான நீளமான கிளப்) இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பந்து இடது குதிகாலுக்கு நேரே டீயில் (பந்தைத் தூக்கி நிறுத்தும் சிறு முளை) நிற்கும். அடிப்புள்ளி பந்தை எட்டும் முன்னமே முடிந்து, கிளப் ஏறும்போது பட வேண்டும்.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வந்தால், பலமாக அடிக்கத் தோன்றும். அப்போதுதான் எடை பின்காலில் தங்கும், பந்தும் கூடுதலாகச் சுழன்று மேலேறிக் காற்றில் நின்றுவிடும். 7 அயர்ன் தூரத்துக்கு, அதைவிடத் தூரம் போகும் 5 அயர்ன் எடுத்து, பந்தைக் கொஞ்சம் வலது பக்கம் வைத்து, முக்கால் வீச்சு.