மதிலோரக் கனகாம்பரக் கன்றுகள்

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்முற்றத்துக்குச் சீமெந்து போடப்போவதாக வீட்டுக்காரர் பெப்ரவரியில் சொன்னார். எனக்கு உடனே மதிலோரத்துக் கனகாம்பரக் கன்றுகள்தான் ஞாபகம் வந்தன. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த ஒரே செடியின் பிள்ளைகள் அவை. காய்ந்த கதிரில் மழைத்துளி பட்டதும் காய் வெடித்து விதை தூரப் போய் விழும், அப்படியே முளைத்தவை.

அவசரத்தில் மறுநாள் காலை பத்து மணிக்கே 14 கன்றுகளைக் கிண்டி, மண்ணை உதறிப் பின்வளவில் நட்டேன். மூன்றாம் நாள் 11 கன்றுகள் கருகிவிட்டன. அழுகையே வந்தது. அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"வேரோட மண்ணும் சேர்ந்து வரவேணும் பிள்ளை. மழை தொடங்கட்டும், பொறு."

கொழும்பில் ஜனவரியும் பெப்ரவரியும்தான் மழை குறைந்த மாதங்கள். வீட்டுக்காரரிடம் கெஞ்சி மே முடியும்வரை தவணை வாங்கினேன்.

மே மழை பிடித்ததும் திரும்ப இறங்கினேன். முதல்நாள் இரவே மண்ணை நன்றாக நனைத்துவிட்டேன். பெரும்பாலும் நாலு முதல் ஆறு இலை விட்ட கன்றுகளாகப் பார்த்து, சுற்றிவர ஒரு கை அகலம் விட்டுச் சிறு மண்வெட்டியால் ஆழமாக வெட்டி, மண்கட்டியோடு சிரட்டையில் ஏற்றினேன். எல்லாம் பின்னேர வேலை, அதுவும் மப்பு நாளில் மட்டும். குழியில் பாதிக்குக் கொம்போஸ்ட்; முன்பு நின்ற ஆழத்திலேயே நட்டேன். பூக்கதிர் விட்டிருந்த பெரிய கன்றுகளில் கதிரைக் கிள்ளிவிட வேண்டும். மனம் கேட்கவில்லைதான், ஆனால் வேர் பிடிக்கும்வரை செடிக்குப் பூ பாரம். மேற்குப் பக்கம் ஒரு கிடுகுத் துண்டைச் சாய்த்து ஐந்து நாள் நிழல் கொடுத்தேன்.

மழையோடு ஆபிரிக்க நத்தைகளும் வந்துவிடும். ஒரே இரவில் இரண்டு கன்றுகளை மொட்டையாக்கிவிட்டன. பிறகு தினமும் எட்டு மணிக்கு டோர்ச்சோடு போய்ப் பொறுக்கினேன், கையுறை போட்டுத்தான். வேலை முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க மறக்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும்.

கூடவே மாற்றிய பட்டிப்பூக் (நித்தியகல்யாணி) கன்றுகளில் விரலளவு உயரமானவை மட்டும் பிழைத்தன. வளர்ந்தவை வேரைத் தொட்டதுமே வாடிவிட்டன.

கனகாம்பரம் 23 கன்றுகள் மாற்றினேன். 19 நிற்கின்றன. தண்ணீர்க் குழாயடியில் குருவி போட்ட விதையில் ஒரு கறிவேப்பிலையும் முளைத்திருக்கிறது. அதன் ஆணிவேர் நீளமாக இறங்கும், அதனால் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும். ஒக்டோபர் மழைக்காகக் காத்திருக்கிறேன்.