பழைய சிஸ்டத்துல விண்டோஸைப் பழைய வெர்ஷனுக்கு இறக்கப் போறீங்களா?

ஏற்காட்டுல இருந்து சிபியூவைத் தூக்கிக்கிட்டு சேலம் இறங்குறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க.

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு அப்கிரேடு பண்ணி 10 நாள் ஆகலைன்னா, செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போய் 'கோ பேக்' அழுத்தினா போதும். ஃபைலெல்லாம் அப்படியே இருக்கும், புதுசா போட்ட சாஃப்ட்வேர் மட்டும் போயிடும். இடம் பத்தலைன்னு, பழைய விண்டோஸ் இருக்குற விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை அழிச்சிருந்தா இந்த வழி கிடையாது. 8 ஜிபி பென்டிரைவ்ல புதுசாத்தான் போடணும்.

தயவுசெஞ்சு 7-க்குப் போகாதீங்க. 2020 ஜனவரி 14-லயே அதோட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, அதுக்கான குரோம் பிரவுசரும் 109-வது வெர்ஷனோட நின்னுடுச்சு. விண்டோஸ் 7 இன்ஸ்டாலர்ல யுஎஸ்பி 3.0 டிரைவர் இல்ல. நீல யுஎஸ்பி 3.0 போர்ட்ல சொருகின கீபோர்டு, மவுஸ் ரெண்டும் மொழி கேக்குற முதல் திரையிலேயே அசையாது. பழைய மதர்போர்டுன்னா கறுப்பு யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாத்தினா வேலை செய்யும்.

10-க்கும் வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சாச்சு. பிரவுசர், டைப்பிங் மட்டும்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇங்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுங்க, 4 ஜிபி ராம்ல நல்லாவே ஓடும்.

சிஸ்டம் ஸ்லோன்னுதான் இறக்கப் பாக்குறீங்கன்னா, முதல்ல டாஸ்க் மேனேஜரைத் திறங்க. டிஸ்க் 100%-லயே நிக்குதா? பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் வேகத்தைக் குறைக்குது. அதுக்குப் பதிலா வேகமான 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாத்துங்க, விண்டோஸை இறக்கவே வேண்டியிருக்காது.

மழை நாள்ல யுபிஎஸ் இல்லாம இன்ஸ்டால் ஆரம்பிக்காதீங்க. பாதியில கரண்ட் போச்சுன்னா விண்டோஸ் திறக்காமலே போயிடலாம்.