கதிர்வீச்சும் இம்யூனோதெரபியும்: சிகிச்சை அறையிலிருந்து சில குறிப்புகள்

ஜூன் 2, 2025

இன்று புதிதாகத் தொடங்கிய ஒரு அம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய், மூன்றாம் நிலை. கட்டி இடுப்புச் சுவர் வரை போயிருக்கிறது, நிணநீர்க் கணுக்களிலும் இருக்கிறது, அதனால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. திட்டத் தாளில் 25 முறை வெளிக் கதிர்வீச்சு, வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, அப்புறம் பிராக்கிதெரபி, அதாவது உடம்புக்குள்ளேயே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. கதிர்வீச்சுத் தொழில்நுட்பராக மெஷின் பக்கத்திலேயே நிற்கிற எனக்கு இவை பழகியவை. நான்காவதாக ஒரு வரி, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராக வேலை செய்ய வைக்கும் இம்யூனோதெரபி: பெம்ப்ரோலிசுமாப் 200 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து ஊசி.

"மேடம், கரண்டு வைக்கும்போதே அந்த ஊசியும் போட்டா அம்மா உடம்பு தாங்குமா?" என்று மகள் கேட்டார். டாக்டர் உட்கார்ந்து விளக்கிவிட்டார். இதே கேள்வியைப் பலர் கேட்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4

முதலில், இரண்டையும் ஏன் சேர்க்கிறார்கள் என்பது.

இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லோருக்கும் எச்பிவி வைரஸால்தான் வருகிறது. அந்த வைரஸின் இ6, இ7 என்ற இரண்டு புரதங்களைப் புற்றுச் செல் விடாமல் தயாரித்துக்கொண்டே இருக்கும். அவை உடம்புக்கு அந்நியமானவை, ஆகவே நோய் எதிர்ப்பு வேலையைச் செய்யும் டி செல்கள் அடையாளம் கண்டு தாக்கியிருக்க வேண்டும். ஆனால் கட்டி தன் மேல்பரப்பில் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி, டி செல்லில் இருக்கும் பிடி-1 என்ற பிரேக்கை அழுத்திவிடுகிறது. பெம்ப்ரோலிசுமாப் அந்தப் பிரேக்கில் கால் பட விடாமல் தடுக்கிறது. இந்த வகைச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் கொடுத்தார்கள்.

கதிர்வீச்சு செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். உடைந்த துண்டுகள் உட்கருவை விட்டு வெளியே கசிந்தால், வைரஸ் நுழைந்துவிட்டது என்று நினைத்து செல் அபாயக் குரல் எழுப்பும், எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரக்கும். சாகிற செல்களின் புரதங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் டென்ட்ரிட்டிக் செல்கள் டி செல்களுக்குக் காட்டும். அதாவது நாங்கள் மெஷினில் கொடுக்கிற கதிர், கட்டியைக் கொல்வதோடு கட்டியைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. இதற்கு எதிர்வினையாகக் கட்டி பிடி-எல்1-ஐ இன்னும் அதிகமாக ஏற்றிக்கொள்ளும், அந்த நேரத்தில் ஊசி உள்ளே இருப்பது நல்லது என்பதுதான் கணக்கு.

மறுபக்கமும் உண்டு. டி செல்களும் சேர்ந்த லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் கதிருக்கு மிகச் சீக்கிரம் செத்துவிடும். இடுப்பு எலும்பு மஜ்ஜையும் நிணநீர்க் கணுக்களும் எங்கள் கதிர்ப் புலத்துக்குள்தான் இருக்கின்றன. அதனால் இந்தக் கூட்டு பலிக்கும் என்று முன்கூட்டியே யாரும் சத்தியம் செய்திருக்க முடியாது, நோயாளிகளிடம் சோதித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஜூன் 9

இன்று அந்த அம்மாவுக்குச் சிறுநீர்ப்பை பாதிதான் நிறைந்திருந்தது, ஸ்கேனில் தெரிந்ததும் இறக்கி உட்கார வைத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். பை நிறைந்தால் குடல் மேலே தள்ளப்பட்டு கதிரின் வழியிலிருந்து விலகும். காத்திருப்பது சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஜூன் 13

ஆய்வுகளைப் பற்றி மகள் கேட்டார். டாக்டர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று 1999இல் உறுதியானது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இந்த நோயாளிகளுக்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை. முதலில் டர்வலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்து 770 பேரிடம் சோதித்தார்கள், நோய் திரும்பாமல் இருப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. பலர் அத்தோடு நம்பிக்கை இழந்தார்கள். அப்புறம் கீநோட்-ஏ18 என்ற ஆய்வு வந்தது. 1,060 பெண்கள், எல்லோருக்கும் முழுக் கீமோ கதிர்வீச்சு, பாதிப் பேருக்கு பெம்ப்ரோலிசுமாப், மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. மூன்று ஆண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 82.6 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் 74.8. நூறு பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் கூடுதல். என் மேசை வழியாகப் போன முகங்களை நினைத்தால் அந்த எட்டு எனக்குச் சின்ன எண்ணாகத் தோன்றவே இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 ஜனவரியில் அனுமதி கொடுத்தது.

டர்வலுமாப் பிடி-எல்1-ஐத் தடுக்கும் மருந்து, பெம்ப்ரோலிசுமாப் பிடி-1-ஐ. சேர்க்கப்பட்ட நோயாளிகளும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று தோற்று இன்னொன்று ஜெயித்ததற்கு இதுதான் காரணமா என்று வல்லுநர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

இந்த ஊசி எல்லோருக்கும் எட்டாது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்லேஸ் என்ற ஆய்வில் கதிர்வீச்சுக்கு முன் ஆறு வாரம் பழைய மருந்துகளான கார்போபிளாட்டின், பக்லிடாக்செல் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 72இலிருந்து 80 சதவீதமாக உயர்ந்தார்கள். இரண்டு ஆய்விலும் இருந்த நோயாளிகள் வேறு வேறு, எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. புது ஊசி கிடைக்காவிட்டால் கதை முடிந்தது என்று யாரும் நினைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஜூன் 24

நான்காவது வாரம். வயிற்றுப்போக்கு நான்கு நாளாக இருந்திருக்கிறது, அந்த அம்மா சொல்லவே இல்லை. "சிகிச்சையை நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருந்துச்சும்மா" என்றார்.

இந்தக் கூட்டுச் சிகிச்சையில் கவனம் மிக அதிகமாகத் தேவைப்படும் இடம் இதுதான். இடுப்பில் கதிர் கொடுத்தால் இந்த வாரங்களில் வயிறு போவது சகஜம், அதற்கு மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் போதும். ஆனால் இம்யூனோதெரபியால் டி செல்கள் குடலையே தாக்கத் தொடங்கினாலும் வெளியே தெரிவது அதே வயிற்றுப்போக்குதான், அதற்கு ஸ்டீராய்டு வேண்டும், தாமதித்தால் ஆபத்து. ரத்தம் போகிறதா, எத்தனை முறை, வலி எப்படி, கதிர்வீச்சு முடிந்த பிறகும் நிற்காமல் தொடர்கிறதா என்று எல்லாம் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல், விடாத இருமல், கண் மஞ்சளாவது, தாங்க முடியாத அசதி எல்லாமே அப்படித்தான், உடனே சொல்ல வேண்டியவை. ஊசி முடிந்து மாதங்கள் கழித்துக்கூட வரலாம்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு இது கதிர்வீச்சால்தான் என்றார். இரண்டாவது ஊசியைச் சில நாள் தள்ளி வைத்தார், கதிர்வீச்சை நிறுத்தவில்லை.

ஜூலை 2

மெஷின் பழுது, இன்று யாருக்கும் சிகிச்சை இல்லை. கோபமாக வருகிறது. வெளிக் கதிர்வீச்சு, பிராக்கிதெரபி எல்லாம் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், நாள் இழுக்க இழுக்க மிஞ்சியிருக்கும் புற்றுச் செல்கள் பெருகிக்கொள்ளும். சனிக்கிழமை ஈடுகட்டலாம் என்று இயற்பியலாளரும் டாக்டரும் முடிவு செய்தார்கள், எல்லோருக்கும் போன் செய்து சொன்னேன்.

ஜூலை 10

இன்று முதல் பிராக்கிதெரபி. எம்ஆர்ஐயில் கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது. கருப்பைக்குள் கருவியைப் பொருத்தி, அதன் வழியாக இரிடியம்-192 மூலத்தைச் சில நிமிடம் நிறுத்தி எடுக்கிறார்கள். மிக அருகில் இருப்பதால் கட்டிக்கு அதிக அளவு சேரும், கொஞ்சம் தள்ளியிருக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் சட்டென்று குறைந்துவிடும். மொத்தத்தில் 85 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுபோவது இது இருப்பதால்தான்.

"அதான் புது ஊசி போடுறோமே, இது வேணுமா?" என்று அந்த அம்மா கேட்டபோது எனக்குப் பதறியது. வேணும், கண்டிப்பா வேணும். ஆய்வில் ஊசி பெற்றவர்களும் பெறாதவர்களும் முழுக் கதிர்வீச்சையும் பிராக்கிதெரபியையும் பெற்றவர்கள். அந்த எட்டுப் பேர் அதற்கு மேல் கிடைத்தவர்கள். இதைக் கைவிட்டு ஊசியை மட்டும் நம்புவதற்கு எந்தச் சான்றும் கிடையாது. மயக்க மருந்து உண்டு, வலிக்கு மருந்து உண்டு, பயமாக இருந்தால் சொல்லுங்கள், யாராவது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறோம், தயவுசெய்து பாதியில் போய்விடாதீர்கள்.

ஜூலை 23

பிராக்கிதெரபி முடிந்தது. எட்டு வாரத்துக்குள்.

ஆகஸ்ட் 28

ஐந்தாவது ஊசிக்கு வந்திருந்தார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைந்திருக்கிறது, இந்த மருந்தில் அடிக்கடி வருவது. தினம் ஒரு லீவோதைராக்சின் மாத்திரை, ஊசி அப்படியே தொடரும். இனி ஆறு வாரத்துக்கு ஒருமுறை 400 மி.கி., 15 முறை, எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டு.

இடையில் பலர் கேட்டவற்றுக்கு: ஆரம்ப நிலையில் அறுவை சிகிச்சையே போதுமானவர்களுக்கு இந்தக் கூட்டு அல்ல. நுரையீரல், கல்லீரல் என்று தூரமாகப் பரவியவர்களுக்கு இதே மருந்தைக் கீமோவோடு வேறு முறையில் கொடுக்கிறார்கள். லூபஸ் மாதிரித் தன்னெதிர்ப்பு நோய் இருந்தாலோ, உறுப்பு மாற்று செய்திருந்தாலோ முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.