பொது இடத்தில் ஒரு மெல்லிய நீர்ப்படலம்

பொது இடங்களில் நீரை அமைப்பவர்கள் பெரும்பாலும் அதன் தோற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், மனத்தை முதலில் தொடுவது ஓசைதான். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1967-இல் திறக்கப்பட்ட பேலி பூங்கா, உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே ஒடுங்கிய ஒரு சிறு மனையில் அமைந்திருக்கிறது. அதன் பின்சுவரில் ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், தெருவின் இரைச்சலைத் தன் சீரான ஓசையால் மூடிவிடுகிறது. அந்த ஓசைத் திரைக்குள் அமர்ந்திருப்பவர், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் காதில் விழுமோ என்ற கூச்சமின்றித் தன் துயரத்தைத் தோழியிடம் சொல்லிவிட முடியும். நாற்காலிகளை விருப்பப்படி நகர்த்திக்கொள்ளலாம் என்பதும் சிறிய விஷயமல்ல.

அமைதியான நீர் வேறு வகை. அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், கட்டடக் கலைஞர் மாயா லின் வடிவமைத்து 1989-இல் திறக்கப்பட்ட, கறுப்பின மக்களின் சம உரிமைக்கான குடிமை உரிமைப் போராட்ட நினைவுச்சின்னத்தில், உயிர்நீத்தவர்களின் பெயர்கள் பொறித்த கருநிறக் கிரானைட் வட்டத்தின்மேல் நீர் மெல்லிய படலமாகப் பரவி ஓடுகிறது. ஒரு பெயரின்மேல் விரலை வைத்தால் நீர் விரலைச் சுற்றிப் பிரிகிறது. எடுத்ததும் மீண்டும் கூடிவிடுகிறது. அந்த நீர் ஆழமாக இருந்திருந்தால் அச்சம் வந்திருக்கும், வேகமாக இருந்திருந்தால் விளையாட்டாகியிருக்கும்.

நீர்த்தொட்டியைச் சுற்றிக் கம்பிவேலி போடும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பாதுகாப்புக்காக என்பது புரிகிறது. ஆனால் ஆழத்தை விரலளவுக்குக் குறைத்து, உட்காரத் தக்க அகலத்தில் கல் விளிம்பு கட்டினால், அந்த வேலிக்கான தேவை பெரிதும் குறைந்துவிடும்.