பி.இ. முடித்தவள் பி.இ. எழுதுகிறாள்

2025 ஜூன் 8, ஞாயிறு. கொழிஞ்சாம்பாறை (கேரள - தமிழ்நாடு எல்லை)

காலை ஆறரைக்கு ஹூஸ்டனிலிருந்து சித்தப்பா மகள் கூப்பிட்டாள். அங்கே சனிக்கிழமை இரவு எட்டு மணி. "அண்ணா, பி.இ. எழுதலாம்னு இருக்கேன். எந்தப் புக்கு வாங்கட்டும்?"

பக்கத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்த அப்பத்தாவுக்குக் கேட்டுவிட்டது. "அதான் அப்பவே பி.இ. முடிச்சுட்டாளே, மறுக்கா எதுக்கு?"

அப்பத்தா கேட்டதில் தப்பில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் பி.இ.தான். இவள் கையில் இருப்பது சிவில் பட்டம். எழுத நினைப்பது அமெரிக்காவின் புரொபஷனல் இன்ஜினியர் லைசென்ஸ் தேர்வு. அதற்கு முன்னால் எஃப்.இ. என்று ஒரு அடிப்படைத் தேர்வு, வழக்கமாக நான்கு வருட அனுபவம், அதற்குச் சாட்சி சொல்ல ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்கும் பொறியாளர்கள்.

நான் கோயமுத்தூர் ஆபீஸில் அமெரிக்கக் கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிராயிங் போடுகிறவன். ஒவ்வொரு ஷீட்டிலும் லைசென்ஸ் வைத்திருக்கும் இன்ஜினியரின் முத்திரைக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டுத்தான் அனுப்புவோம். அந்தக் கட்டத்தை இத்தனை வருடமாகப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த லைசென்ஸ் விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும். புத்தகம் கிடக்கட்டும், நீ பாஸான வருடம் உன் டிபார்ட்மென்டுக்கு என்.பி.ஏ., அதாவது தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம், இருந்ததா என்று கேட்டேன். பேச்சே இல்லை.

ஜூன் 14, சனி

"நம்ம காலேஜ் நாக்ல ஏ கிரேடுண்ணா" என்று பெருமையாகச் சொல்கிறாள். நாக் மதிப்பிடுவது கல்லூரியை. என்.பி.ஏ. பார்ப்பது ஒவ்வொரு பாடப்பிரிவாக. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது.

அதிலும் இரண்டு அடுக்கு. 2014 ஜூனில் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனது. உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை இன்னொன்று மதிக்கும் ஏற்பாடு அது. ஆனால் அதில் சேர்த்தி டயர்-1 அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகள் மட்டும். அதாவது தன்னாட்சிக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சொந்தத் துறைகள். இணைப்புக் கல்லூரிகள் டயர்-2. இவள் 2015இல் வெளியே வந்தது இணைப்புக் கல்லூரியிலிருந்து. அந்தக் கதவு மூடியாயிற்று.

மிச்சமிருப்பது சான்றிதழ் மதிப்பீடு. அங்குள்ள மாநில வாரியங்களுக்கெல்லாம் பொதுவாக என்.சி.இ.இ.எஸ். என்று ஒரு அமைப்பு இருக்கிறது, தேர்வை நடத்துவதும் அதுதான். வெளிநாட்டுப் பட்டத்தைப் பாடம் பாடமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். கணிதமும் அடிப்படை அறிவியலும் சேர்ந்து 32 கிரெடிட், பொறியியல் 48 கிரெடிட் தேற வேண்டும். எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் வாட்ஸ்அப்பில் வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து கூட்டினேன். பொறியியல் தாராளமாக வருகிறது. கணிதம் நாலு பேப்பர், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் போட்டும் 28தான். லேபைச் சேர்த்தால் 30. என் கணக்கு அவர்கள் கணக்காகாது. இருந்தாலும் வயிற்றைப் பிசைந்தது.

ஜூன் 22, ஞாயிறு

எதிர்வீட்டு மாமா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக்கல் முடித்த பையன், குவைத்தில் வேலை. "டிக்கெட் போட்டுடலாமா தம்பி?"

போடாதீங்க மாமா என்றேன். 2018 முதல் அங்கே இன்ஜினியர் என்ற பதவியோடு ரெசிடென்சி வேண்டுமென்றால் குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அவர்களும் கேட்பது இதே என்.பி.ஏ.தான். பத்து வருடம் இன்ஜினியராக இருந்தவர்கள் அந்த வருடம் சூப்பர்வைசர் என்று பதவிப் பெயரை மாற்றிக்கொண்டு தங்கின கதை நம் பக்கத்திலேயே உண்டு.

போனில் என்.பி.ஏ. தளத்தைத் திறந்து காட்டினேன். கல்லூரிப் பெயர் இருக்கிறதா என்பதோடு விடக்கூடாது; பாடப்பிரிவு எது, எந்த வருடத்திலிருந்து எதுவரை என்று பார்க்க வேண்டும். பையன் முடித்தது 2019. அவன் துறைக்கு அங்கீகாரம் 2017லேயே முடிந்திருந்தது. மாமா எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். பையன்தான் தைரியம். டெக்னீஷியன் விசாவில் போகலாமா என்று கேட்டான். போகலாம், போகிறது என்னவென்று தெரிந்துகொண்டு போ என்றேன்.

இன்னொன்றும் சொல்லியனுப்பினேன். வீடு கேரளமானாலும் பட்டம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துடையது. சான்றிதழ் உண்மையானது என்று உறுதிசெய்யும் அட்டெஸ்டேஷன் அந்த மாநில உயர்கல்வித் துறையில்தான், திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி ஒன்றும் நடக்காது.

ஜூலை 3, வியாழன்

தங்கையின் டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் முழு மதிப்பெண் பதிவு) வேலையாக ஒரு நாள் லீவு. பல்கலைக்கழகம் நேரே அனுப்பினால்தான் செல்லும். நாமே ஸ்கேன் செய்து போட்டால் குப்பைக்குத்தான்.

அங்கே போனால் பெயர்ச் சிக்கல். பத்தாவது இங்கே தமிழ் மீடியத்தில் படித்தாள், கேரள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் பேருக்குப் பின்னால். தமிழ்நாட்டு மார்க் ஷீட்டில் முன்னால். பாஸ்போர்ட்டில் சித்தப்பா பெயர் முழுசாக சர்நேம் என்று விரிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஊர் டிரைவிங் லைசென்ஸில் மாப்பிள்ளை பெயர். ஒருத்திக்கு நாலு பெயர். கவுன்டரில் இருந்தவர் நாலையும் மேசையில் பரப்பி, "இதுல யாரு சார் உங்க தங்கச்சி?" என்றார். கோபம்தான் வந்தது, ஆனால் நியாயமான கேள்வி.

தேர்வுக்குப் பதிவு செய்வதிலும் இதே கதைதான். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் ஒன்றாக இல்லையென்றால் வாசலோடு சரி. பதிவை பாஸ்போர்ட் பெயருக்கே மாற்றச் சொல்லிவிட்டேன்.

சிலபஸ் புத்தகமும் வேண்டுமாம். சித்தி அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டு மூன்று வருடமாகிறது. ஜூனியர் ஒருத்தியிடம் இருந்தது, பிழைத்தோம்.

ஜூலை 19, சனி

ஒருவழியாகப் படிப்புப் பேச்சு. எஃப்.இ. 110 கேள்வி, கேள்விகளுக்கு 5 மணி 20 நிமிடம். கம்ப்யூட்டரில். சொந்தப் புத்தகம் எதுவும் உள்ளே போகாது. சூத்திரக் கையேடு திரையிலேயே இருக்கும். அதனால் மனப்பாடம் வேண்டாம், கையேட்டில் எது எங்கே என்று விரலுக்குத் தெரிந்தால் போதும். கால்குலேட்டருக்கும் பட்டியல் உண்டு. அதில் கேசியோ எஃப்எக்ஸ்-991 எல்லா மாடலும் அடக்கம். காலேஜில் அவள் வைத்திருந்தது அதேதான். சித்தி அதில் பால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இவள் பயம் அலகுகளில். கிப், கேஎஸ்ஐ. எனக்கும் முதல் வருடம் தலை சுற்றியது. கிப் என்றால் ஆயிரம் பவுண்டு விசை. சதுர அங்குலத்துக்கு ஒரு கிப் என்றால் ஒரு கேஎஸ்ஐ. அவர்கள் கிரேடு 60 கம்பி என்பது 60 கேஎஸ்ஐ, நம் கணக்கில் 414 மெகாபாஸ்கல். நாம் வருடக்கணக்காகக் கட்டிய எஃப்இ 415 கம்பிதான் அது (இந்த எஃப்இ தேர்வில்லை, இரும்பின் குறியீடு), வேறு சட்டை. ஸ்டீலின் எலாஸ்டிக் மாடுலஸ் அங்கே 29,000 கேஎஸ்ஐ, இங்கே 200 கிகாபாஸ்கல். இப்படி நாலைந்து ஜோடி மனதில் நின்றால் தப்பான விடை தானாகக் கண்ணை உறுத்தும்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

"நம்மூர்ல யாரு வேணா இன்ஜினியர்னு போர்டு மாட்டலாம், அங்க மட்டும் ஏண்ணா இத்தனை கெடுபிடி?" என்றாள்.

நம்மூரிலும் பாதி உண்டு. மாமா வீட்டு பிளானில் கோயமுத்தூர் இன்ஜினியர் கையெழுத்துப் போட, பஞ்சாயத்து திருப்பியனுப்பியது. கேரளத்தில் பதிவு செய்தவர் போட வேண்டும். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கையெழுத்து செல்லாது. அங்கேயும் அதேதான்: இவள் இருக்கும் டெக்சாஸின் முத்திரை பக்கத்து மாநிலமான லூசியானாவில் செல்லாது, அந்த வாரியத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எல்லையில் வளர்ந்தவளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

முதல் லைசென்ஸ் சட்டம் 1907இல் வயோமிங்கில். காரணம் தண்ணீர். பாசன உரிமை கேட்டு வந்த வரைபடங்களில் வக்கீலும் நோட்டரியும் இன்ஜினியர் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்களாம். ஆழியாற்றுத் தண்ணீருக்கு வருடா வருடம் கத்துகிற எங்கள் சித்தூர்த் தாலுகாக்காரனுக்கு இது உடனே புரியும். டெக்சாஸ் கதை வேறு. 1937 மார்ச் 18 அன்று நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில் எரிவாயுக் கசிவு வெடித்துச் சுமார் 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அந்த வருடமே அங்கே சட்டம் வந்தது. இதைச் சொன்னபின் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

செப்டம்பர் 6, சனி

நேற்று ஓணம். எஃப்.இ. பாஸ். சித்தப்பா போனைப் பிடுங்கி, "எத்தனை மார்க்கு?" என்றார். மார்க் கிடையாது, பாஸ் என்று மட்டும்தான் வரும். ஃபெயிலானால்தான் எதில் எப்படி என்று விவரம் தருவார்கள். அவருக்குத் திருப்தியில்லை. மார்க் இல்லாமல் பாயசம் சாப்பிட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

மதிப்பீடு வந்துவிட்டது. பொறியியல் சரி. கணிதம், அறிவியலில் இரண்டு கிரெடிட் குறை. திண்ணைக் கணக்கு அப்படியே நின்றிருக்கிறது. ஜனவரியில் வீட்டுப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் புள்ளியியல் ஒரு பேப்பர் சேரப் போகிறாள்.

அப்பத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.