அணைக்கு அக்கரையில ஒரு சுகாதார அறை வந்த கதை

கன்னியாகுமரி மாவட்டத்துல, பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில உள்ள காணி பழங்குடி குடியிருப்புல பிறந்து வளந்தவ நான், கட்டிக் குடுத்ததும் அதே மலையிலதான். இப்ப எங்க மலையில வாரத்துல ஒருநாள் நர்ஸ் வந்து உக்கார ஒரு அறை இருக்கு, அறைக்கு சோலார் கரண்டு இருக்கு, நோயாளிய இக்கரைக்கு கொண்டு போக தனியா ஒரு வள்ளம், அதான் படகு, இருக்கு. இது எப்படிக்கா கெடச்சுதுன்னு பக்கத்து மலைக்காரங்களும் ஜவ்வாது மலையில உள்ள ஒரு தம்பியும் போன்ல கேட்டுட்டே இருக்காங்க. எங்க மலையில சிக்னலு நிக்காது, பாதி பேச்சுல கட்டாயிரும், அதனால முழுசா எழுதிட்டேன், யாருக்கு உதவுமோ எடுத்துக்குங்க.

முதல்ல இடம் எப்படின்னு சொல்லணும். இந்த அணைய கட்ட ஆரம்பிச்சது 1897ல, முடிச்சது 1906ல, திருவிதாங்கூர் ராஜா காலம், மிஞ்சின்னு ஒரு வெள்ளக்கார எஞ்சினியர் கட்டினது, அவருக்க சமாதி பேச்சிப்பாறையிலதான் இருக்கு. கீழ உள்ள வயலுக்கெல்லாம் வெள்ளம் போச்சு (எங்க பேச்சுல வெள்ளம்னா தண்ணி), நல்ல காரியம். ஆனா கோதையாறு தேங்கி நின்னப்ப மலைக்கும் ரோட்டுக்கும் நடுவுல மடிமடியா வெள்ளம் ஏறிட்டு. தோட்டமலை மாதிரி உள்ள இடத்துல ஆசிரியரும் தேர்தல் பெட்டியும்கூட படகுலதான் போகணும். அரசாங்க கணக்குல எங்க மலை தீவு இல்ல, ஆனா ஒரு தீவுல உள்ளவனுக்கு என்னெல்லாம் பாடோ அதெல்லாம் எங்களுக்கும் உண்டு. எங்க மாவட்டத்துக்கு மழை ரெண்டு தடவ, ஜூன்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு, அப்ப அணை நிரம்பி காத்தடிச்சா வள்ளம் எறக்க பயமா இருக்கும். கோடையில அதுக்கு நேர் எதிரா, வெள்ளம் கீழ போயிரும், வள்ளம் கரையில அணையாது, முழங்கால் சேத்துல ஆள தூக்கிட்டு நடக்கணும். காட்டு வழியா சுத்திப் போலாம்னா ஆனை.

இந்த நிலைமையில ராத்திரி ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சா என்ன ஆகும்? 108 கூப்பிடணும்னா சிக்னல் உள்ள பாறைக்கு ஏறணும். வண்டி வரும், வராதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா இக்கரையில ரோடு முடியற இடத்துலதான் நிக்கும். அதுக்குள்ள வள்ளக்காரர எழுப்பி, பெட்ரோல் தேடி, போர்வையில ஆள கட்டி தூக்கி கீழ எறக்கி, அணைய கடந்து, அப்புறம் குலசேகரம் ஆஸ்பத்திரி, அங்க முடியலன்னா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ், அது பேச்சிப்பாறையில இருந்து நாப்பது கிலோமீட்டர் பக்கம் வரும். கர்ப்பிணிகள மாசம் நெருங்கும்போதே கீழ சொந்தக்காரங்க வீட்டுல கொண்டு விட்டுருவோம், சொந்தம் இல்லாதவங்க பாடு கஷ்டம்.

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல எங்க ஆளுங்க வருஷக்கணக்கா மனு குடுத்துட்டுதான் இருந்தாங்க, எங்க மலைத் தலைவர் மூட்டுக்காணி பாட்டா கையில பழைய மனு ரசீது ஒரு கட்டே உண்டு. எல்லாத்துலயும் ஒரே வரி, "எங்கள் மலைக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும்". வர்ற பதிலும் ஒரே மாதிரி. சுகாதாரத்துறை, அது வன நிலம், எங்களால கட்ட முடியாதுங்கும், வனத்துறை, எங்ககிட்ட எந்தத் துறையும் கேக்கலியேங்கும். ரெண்டும் உண்மைதான், அதுதான் கொடுமை.

இந்த முடிச்ச அவுக்கற கத்தி வன உரிமைச் சட்டம் 2006ல, பிரிவு 3(2)ல இருக்கு. பட்டாவுக்கு உள்ள சட்டம்னுதான் எல்லாரும் நினைக்காங்க, ஆனா அதுல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிதண்ணி, ரோடுன்னு பதிமூணு வகை வசதிக்கு வன நிலத்த குடுக்கலாம்னு தெளிவா போட்டிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்கு குறைவா இருக்கணும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரை பண்ணியிருக்கணும், அவ்வளவுதான். 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்துல என்ன இருந்தாலும் இது நடக்கும்னு அந்தப் பிரிவே சொல்லுது, டெல்லிக்கு பைல் போக வேண்டாம், மாவட்ட வன அலுவலர் அளவுலயே முடியும். அவரு ஒத்துக்கலன்னா கலெக்டர் தலைமையில உள்ள மாவட்ட கமிட்டிக்கு போகும்.

இங்க கவனமா இருக்கணும், இந்தக் கிராம சபைங்கறது ஆகஸ்ட் 15க்கும் அக்டோபர் 2க்கும் பஞ்சாயத்துல கூட்டுறது இல்ல. குடியிருப்புல உள்ள வயசுக்கு வந்த எல்லாரும் சேந்ததுதான் சபை. பாதிப் பேராவது வந்திருக்கணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க இருக்கணும். எங்க வீடெல்லாம் ஒண்ணா இருக்காது, இந்தச் சரிவுல ஒண்ணு அந்தச் சரிவுல ஒண்ணு, ரப்பர் வெட்டுக்கு போறவங்க வெளுக்கறதுக்கு முன்ன போயிருவாங்க, பால் எடுத்து ஒறைய ஊத்திட்டு வர மத்தியானம் ஆயிரும். அதனால சாயங்காலம் நேரத்தோட கூட்டி ஆனை வர்ற நேரத்துக்கு முன்ன முடிக்க வேண்டியிருந்து. நாங்க சுயஉதவிக் குழு பொம்பளைங்க வீடு வீடா போய் சொன்னோம், அன்னைக்கு ஆம்பளைங்கள விட பொம்பளைங்கதான் கூடுதல். தீர்மானத்துல இடத்துக்க நாலு எல்லை, அளவு, மரம் எத்தனை, இது எல்லாம் எழுதி கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினோம். ஸ்கூல் பக்கத்துல மரம் இல்லாத ஒரு மேட்டதான் தேர்ந்தெடுத்தோம், அந்த இடம் ஆனைத்தாரை, அதாவது ஆனை நடக்கற வழி, இல்லன்னு சொன்னது பெரியவங்க, ரேஞ்சர் வந்து பாத்தப்பவும் அதுதான் அவருக்கு பிடிச்சுது, பைல் தடங்கல் இல்லாம போனதுக்கு அந்த இடத் தேர்வு பெரிய காரணம்னு நான் நம்புறேன்.

விண்ணப்பப் படிவத்த பூர்த்தி பண்ண வேண்டியது நாம இல்ல, கட்டப் போற துறை. அந்தத் துறையில ஒருத்தர பிடிச்சு உக்கார வைக்கறதுதான் எனக்கு பெரிய வேலையா போச்சு. அங்க எழுந்த கேள்வி ஜனத்தொகை. துணை சுகாதார நிலையம்னா சமவெளியில 5000 பேருக்கு ஒண்ணு, மலையிலயும் பழங்குடி பகுதியிலயும் 3000 பேருக்கு ஒண்ணு. எங்க மலையில அதுல ஒரு சின்ன பங்குகூட கிடையாது. தலைய எண்ணினா நமக்கு என்னைக்கும் கிடைக்காது. ஆனா மலைப்பகுதிக்கு தலைக்கணக்கோட சேத்து நேரக்கணக்கும் பாக்கலாம்னு தேசிய சுகாதார இயக்கத்துக்க வழிகாட்டுதல்ல இருக்கு, அரைமணி நேர நடையில ஒரு துணை நிலையம்னு. அத ஒரு ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் சொல்லித் தந்தாரு, அவருக்கு எங்க மலை மொத்தமும் கடன்பட்டிருக்கு.

அப்பதான் நோட்டு போட ஆரம்பிச்சேன், இதப் பத்தி நிறைய சொல்லணும், ஏன்னா வேல செஞ்சது இந்த நோட்டுதான். நாப்பது பக்கம் ஸ்கூல் நோட்டு. மலையில யாருக்கு உடம்பு முடியாம போனாலும் நேரத்த எழுதுவேன். எப்ப வலி வந்துது, எப்ப சிக்னல் பாறைக்கு ஆள் ஏறினான், வள்ளக்காரர் எப்ப வந்தாரு, எப்ப இக்கரை, ஆம்புலன்ஸ் எப்ப, டாக்டர் கை வச்சது எப்ப. பேரு வேண்டாம், வயசும் நோயும் போதும். ரெண்டு மழைக்காலமும் ஒரு கோடையும் எழுதினதும் பளிச்சுன்னு தெரிஞ்சுது, ரோட்டுல போற நேரம் பெருசு இல்ல, வீட்டுக்கும் இக்கரைக்கும் நடுவுலதான் மணிக்கணக்கா போகுது, அதுலயும் பாதி வள்ளத்தையும் பெட்ரோலையும் தேடுறதுல போகுது. அந்த நோட்ட மேசையில விரிச்சு வச்சப்ப, அதுவரைக்கும் தலைய நிமிந்து பாக்காத ஒரு ஆபீசர் பேனாவ கீழ வச்சுட்டு பக்கம் பக்கமா படிச்சாரு. எத்தனை கிலோமீட்டர்னு சொன்னா யாருக்கும் உறைக்காது மக்களே, எத்தனை மணி நேரம்னு சொல்லணும்.

அந்த நோட்டுனாலதான் கேக்கற விஷயமும் மாறிச்சு. கட்டிடம் மட்டும் கேட்டிருந்தா பூட்டிக் கெடக்கற ஒரு கட்டிடம்தான் வந்திருக்கும், அப்படி பூட்டுன கட்டிடம் எத்தனை மலையில பாத்திருக்கேன். வாரத்துல ஒருநாள் நர்ஸ் வரணும், வந்து போக வள்ளம் வேணும், ஓட்டுறவருக்கு மாசச் சம்பளம் வேணும், பெட்ரோல் செலவு எந்தத் தலைப்புலன்னு எழுத்துல வேணும், அஞ்சாறு லைப் ஜாக்கெட் வேணும், அதுக்கப்புறம்தான் அறைன்னு கேட்டோம். படகுக்கு இப்படி செலவு பண்ண முடியுமான்னு கேட்டதுக்கு அசாமத்தான் காட்டினோம், பிரம்மபுத்திரா ஆத்துல உள்ள தீவுகளுக்கு 2005ல இருந்து படகு ஆஸ்பத்திரி போகுது, டாக்டர், லேப் எல்லாம் படகுலயே, பிறகு சுகாதார இயக்கமே அதுக்கு பணம் குடுக்குது. அவ்வளவு பெரிய ஆத்துல முடியும்னா எங்க அணையில முடியாதா?

தடுப்பூசிக்கு பெரிய பிரிட்ஜ் வேணும்னு எங்க பையன்க ஆசைப்பட்டாங்க, நர்ஸ் அக்காதான் வேண்டாம்னு விளக்கினாங்க. நாலு ஐஸ் பேக் வச்ச தடுப்பூசி பெட்டிய காலையில கீழ இருந்து கொண்டு வந்தா அன்னைக்கு தாங்கும், மிச்சத்த சாயங்காலம் திருப்பி கொண்டு போயிரலாம், பிரிட்ஜ் வச்சா அத தினமும் சூடு பாத்து எழுத ஆள் வேணும். சோலார்ல லைட்டு, பேன், போன் சார்ஜ், நெபுலைசர், இது ஓடினா போதும்னு முடிவு பண்ணோம்.

பாம்புக்கடி மருந்தும் இதே மாதிரிதான், அறையில வைக்கணும்னு எல்லாரும் கேட்டாங்க, ரப்பர் வெட்டுற ஊர்ல அது நியாயமான கேள்வி. ஆனா அந்த மருந்து ஒடம்புல ஏறும்போது சிலருக்கு திடீர்னு ஒவ்வாமை வந்து மூச்சு முட்டும், பக்கத்துல டாக்டர் நிக்கணும். அதோட அது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலுக்குத்தான், எங்க பக்கம் சருகுக்குள்ள கெடக்கற மூக்கு தூக்கின சின்ன விரியனுக்கு அது கேக்காது. ஆஸ்பத்திரியில ரத்தத்த கண்ணாடிக் குழாயில எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வச்சு உறையுதான்னும் பாத்துதான் மருந்து போடுவாங்க. அதனால மலையில நம்ம வேல ஒண்ணுதான், இறுக்கி கட்டாம, கீறாம, கடிச்ச கால மரப்பலகையில அசையாம வச்சு, நடக்க விடாம படுக்க வச்சு வள்ளத்துல ஏத்தணும். எங்க பிலாத்தி பாட்டா, அதாவது மலை வைத்தியர், பச்சமருந்து தெரிஞ்ச ஆளு, அவருட்ட நேர்ல போய் பேசினோம், "வள்ளம் வர்ற வரைக்கும் நான் பக்கத்துல இருந்து ஜெபிச்சுக்கிடுதேன், ஆள நீங்க கொண்டு போங்க பிள்ளே"ன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் முன்ன மாதிரி தாமசம் இல்ல. 2024 நவம்பர்ல தமிழ்நாட்டுல பாம்புக்கடிய கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயா ஆக்கிட்டாங்க, இனி ஒவ்வொரு கடியும் கணக்குல வரணும், இதையும் மனுவுல எழுதுங்க.

அனுமதி வந்தப்புறம் சாமான் ஏத்துனதுதான் பாடு, சிமெண்டும் கம்பியும் வள்ளத்துல, மழைக்கு முன்ன முடிக்க எல்லா வீட்டுல இருந்தும் ஆள் வந்து சுமந்தாங்க, அது கூலிக்கு இல்ல. இப்ப நர்ஸ் வர்ற அன்னைக்கு கர்ப்பிணிக்கு செக்கப், பிள்ளைங்களுக்கு ஊசி, பிரஷரு சுகரு மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல கையில கெடைக்குது. கர்ப்பிணிக்கு பதிவு நம்பர் நேரத்தோட போடுறதுனால முத்துலட்சுமி ரெட்டி பேர்ல உள்ள உதவித்தொகையும் தவணை தவறாம வருது, முன்ன பதிவு தாமதமாகி அத விட்டவங்க எத்தனையோ பேரு.

கெடைக்காததும் இருக்கு. ராத்திரி வள்ளக்காரருக்கு இன்னும் எழுத்துல ஒண்ணும் ஆகல, பகல் ஆளே கூப்பிட்டா வந்துட்டு இருக்காரு, அந்த மனுசன் நல்ல மனசுல ஓடுற ஏற்பாடு அது, அவருக்கே காய்ச்சல் வந்தா வள்ளம் நிக்கும். கோடையில வெள்ளம் எறங்கும்போது கால் வைக்க படித்துறை வேணும், ஆனா அணை நீர்வளத்துறை கையில இருக்கு, அதனால தனி மனு, தனி தீர்மானம். அதுக்கும் நோட்டு ஓடிட்டு இருக்கு, இந்தத் தடவ சேத்துல நடந்த நேரத்தையும் தனியா எழுதுறேன்.

உங்க மலையில ஆரம்பிக்கறவங்க தீர்மானப் புத்தகத்த யார்ட்டயும் அசலா குடுத்துராதீங்க, நகல்தான், அதுலயும் வாங்கின ஆபீஸ் சீலு தேதியோட ஒண்ணு நம்ம கையில இருக்கணும். எங்க தீர்மானமும் நோட்டுல கட்டம் போட்ட விதமும் வேணும்னா போட்டோ எடுத்து அனுப்புறேன், கேளுங்க, சிக்னல் உள்ள பாறைக்கு ஏறும்போது அனுப்பிருவேன்.