மூன்று முறை கேட்டேன்

“நல்லாத்தான் இருக்கேன் தம்பி, நீ ஏன் பதறுறே?”

அண்ணன் உள்ளேயிருந்து சொன்ன பதில் இது. ஆறு வருடம் ஆகிவிட்டது. பினாங்கில் பிறை என்ற ஊரில் அந்தச் சாலை வழியாகப் போகும்போதெல்லாம் இந்தக் குரல் வந்துவிடுகிறது. சொன்ன விதம் அப்படி. கலக்கமே இல்லை, லேசான சிரிப்புகூட இருந்தது.

நெடுநாள் மூடிக் கிடந்த இரும்புத் தண்ணீர் டேங்கி அது. துருவைச் சுரண்ட அண்ணன் இறங்கியிருந்தார். ஆள் இறங்கும் மேன்ஹோல் வாயில் நான் ஸ்டாண்ட்பை, வெளியே நின்று அவரைக் கவனித்துக்கொள்ளும் ஆள். பெர்மிட் எல்லாம் இருந்தது. காலையில் ஆக்சிஜன் அளக்கும் மீட்டர் 20.9 விழுக்காடு காட்டியது, அதாவது வெளிக்காற்றில் இருக்கும் அதே அளவு. ஆனால் அது வாய்க்கு ஒரு முழம் கீழே விட்டுப் பார்த்த அளவு. அடிவரை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே காற்றடிக்கும் புளோவரின் குழாயும் பாதி ஆழம்தான் போனது. மீட்டர் விட்டுக் காற்றை அளப்பது என் வேலை இல்லை, அதற்கு வேறு ஆள் இருந்தார் என்று பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்தானே.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். மூடிய டேங்கிக்குள் மாதக்கணக்கில் துரு ஏற ஏற, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். வாடை இருக்காது, கண்ணுக்கும் தெரியாது.

மதியம் வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அண்ணன் மணி கேட்டார். இரண்டே முக்கால் என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டார். அதையும் சொன்னேன், ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் அவர் நெஞ்சில் மாட்டியிருந்த மீட்டர் கத்தியது.

“அண்ணே, மீட்டர் கத்துது. ஏறி வாங்க.”

“பேட்டரிடா.”

“அண்ணே, எப்படி இருக்கு?”

அதற்குத்தான் அந்தப் பதில். நல்லாத்தான் இருக்கேன் தம்பி.

மூன்றாவது முறை “அண்ணே” என்று மட்டும் கூப்பிட்டேன். “இந்தா, முடிஞ்சிருச்சு” என்றார். டார்ச்சைக் கீழே அடித்துப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் பளபளவென்று வெள்ளையாக மின்னியது. சுற்றிலும் செந்துரு அப்படியே இருந்தது. அந்த வெள்ளை இடத்தையேதான் அவர் திரும்பத் திரும்பச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கயிற்றில் ஆளை மேலே தூக்கும் வின்ச்சைச் சுற்றினேன்.

கைப்பிடி முதலிலிருந்தே என் கையில்தான் இருந்தது. கயிறு அவர் உடம்பில் கட்டியிருந்த ஹார்னஸ் பட்டையில் மாட்டியபடியே இருந்தது. முதல் சத்தத்திலேயே சுற்றியிருக்கலாம். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர், பதினைந்து வயது மூத்தவர். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும் மனிதரை மூட்டை தூக்குவதுபோல் எப்படித் தூக்குவது? அதனால் கேட்டேன். மலேசியாவில் 2010இல் வந்த நடைமுறை விதிப்படி, ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் உள்ளே ஆள் இருக்கக் கூடாது. அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் இல்லை. அது அன்றைக்கும் எனக்குத் தெரியும்.

அப்புறம் நான் பாதுகாப்பு வேலைக்கே மாறி, தேடிப் படித்தேன். உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துக்கொள்ளவும் அதனால் முடியாது. குறைய ஆரம்பித்ததும் முதலில் தடுமாறுவது யோசித்து முடிவெடுக்கும் திறன்தான். நாம் நினைப்பதுபோல் மூச்சும் முட்டாது. மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் தருவது உடம்பில் சேரும் கரியமில வாயு. அது வழக்கம்போல் வெளியேறிக்கொண்டே இருந்தால், ஆக்சிஜன் குறைவது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. சிலருக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கும்.

புது ஆட்களுக்கு வகுப்பு எடுக்கும்போது 1875இல் பிரான்சில் பலூனில் ஏறிய மூன்று பேரின் கதையைச் சொல்வேன். 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். ஆக்சிஜன் பைகள் பக்கத்திலேயே இருந்தன, கை எழவில்லை. இரண்டு பேர் இறந்துபோனார்கள். பிழைத்த காஸ்டன் டிசாண்டியே, அந்த நிலையில் வலியே தெரியவில்லை, உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சிதான் இருந்தது என்று பிறகு எழுதினார். இதைச் சொல்லிவிட்டு, “உள்ளே இருப்பவர் சொல்வதை நம்பாதே, மீட்டரை நம்பு” என்பேன். அண்ணன் கதையை மட்டும் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

வெளியே படுக்க வைத்தபோது அவர் உதடு நீலமாக இருந்தது. மீட்டரில் மிகக் குறைந்த அளவு 11.4 என்று பதிந்திருந்தது. எத்தனை நிமிடம் என்பது அதில் இல்லை. மூன்று நிமிடம் என்று நினைக்கிறேன். சில ராத்திரி யோசித்தால் ஐந்து ஆகிவிடுகிறது. ஆக்சிஜன் அடியோடு நின்றால்தான் நான்கைந்து நிமிடத்தில் மூளை செல்கள் சாக ஆரம்பிக்கும், இவருக்கு அப்படி நிற்கவில்லை, பேசிக்கொண்டுதானே இருந்தார் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார்.

ரிப்போர்ட்டை மலாயில் எழுத வேண்டியிருந்தது. அலாரம் அடித்ததும் ‘செர்த்தா-மெர்த்தா’ வெளியே இழுத்தேன் என்று எழுதினேன். உடனடியாக என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசக்கூடியவர் ஒருவர்தான். அவருக்கு ஏணியில் இறங்கியது நினைவிருக்கிறது, அடுத்தது தார்ப்பாயில் படுத்திருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. புது நினைவுகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி ஆக்சிஜன் குறைவை அதிகம் தாங்காது. நான் மூன்று முறை கேட்டதும் அவர் மூன்று முறை பதில் சொன்னதும் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் மறுபடி வேலைக்கு வந்தார். பேசும்போது சில சமயம் ஒரு வார்த்தைக்காக நின்று, “அதான்டா, அது” என்று கையை ஆட்டுவார். முன்பும் அப்படித்தானா? நினைவுபடுத்திப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. வயது அறுபதை நெருங்குகிறது. அதுவாகவும் இருக்கலாம்.

போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில், ஒரு தண்ணீர்ப் பந்தலில் அவரைப் பார்த்தேன். மருமகனைக் கூப்பிட்டு, “இவன்தான்டா என்னை உடனே இழுத்தவன்” என்றார். உடனே என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னார். நான் மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். இல்லண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். மருமகன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

கிளம்பும்போது அண்ணன் மணி கேட்டார். பத்தரை என்றேன். மறுபடி கேட்கிறாரா என்று பார்த்தபடி அங்கேயே நின்றேன். கேட்கவில்லை.